கழிவு

ஹியர்ஃபோர்ட்ஷயரில் ஜூன் மாதம்
நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும்.
அதற்கு முன்பே நாங்கள் விடிந்து
முற்றத்தில் நிற்போம், வேனுக்காக.

ஸ்ட்ராபெரி பறிப்பது என் வேலை.
மேற்பார்வையாளர் கிரெய்க் சொல்வதைக்
கிர்கிஸில் சொல்வதும் என் வேலை.
அதற்கு மணிக்கு ஐம்பது பென்ஸ் கூடுதல்.
ஓஷ் நகரில் இரண்டு வருஷம் படித்த ஆங்கிலம்
அந்த விலைக்குப் போனது.

காம்பு நகத்தளவு இருக்கட்டும்,
தோள் வெளுத்த பழம் வேண்டாம்,
தட்டை ஆட்டாதே:
இதெல்லாம் சுலபம்.
வெள்ளிக்கிழமைதான் நாக்கு தடுக்கும்,
சம்பளச் சீட்டு வரும் நாள்.

கழிவு: கேரவன் வாடகை.
கழிவு: எரிவாயு.
கழிவு: விரிப்பு சலவை
(பக்கெட்டில் நாங்களே துவைத்தோம்).
நசுங்கித் தொட்டிக்குப் போகும் பழத்துக்கும்
அதே சொல்தான்.

வேலை நேரம்: நாற்பது.
எப்போதும் நாற்பது.
கிர்க் என்போம் நாங்கள்.
எங்கள் இனத்தின் பெயருக்குள்ளேயே
உட்கார்ந்திருக்கிறது அந்த எண்.
அதனால்தான் அவர்களுக்கு
அவ்வளவு பிடித்துவிட்டதோ என்னவோ.

ஜூரா அக்கா பாத்கெனில்
வாதுமைப்பழக் கூட்டுறவில் கணக்கு எழுதியவள்.
கிழித்த அட்டைப்பெட்டியின் உள்பக்கம்
நீலப் பேனாவால் கோடு போடுவாள்.
வேனுக்கு நின்றது. வரிசை மாறி நடந்தது.
மழை விடக் காத்தது.
ஸ்கேனர் 'பீப்' சொல்லாத நேரமெல்லாம்
அந்த அட்டையில் இருந்தது.

"அறுபத்தொன்று வருதே, கேள்" என்றாள்.
கேட்டேன்.
"பிடிக்கலேன்னா விமானம் இருக்கு" என்றான் கிரெய்க்,
காலணிச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே.
பதினோரு முகங்கள் என் வாயைப் பார்த்தன.
"கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்" என்றேன்.

என் ஐம்பது பென்ஸில்
அந்தப் பொய்க்கும் பங்கு உண்டு.

விசா ஆறு மாதம்.
கடன் பதினான்கு மாதம்.
இடையில் இருக்கும் எட்டு மாதத்தை
இரவில் யாரும் பேசுவதில்லை.
புருல்சுன் மட்டும் தூக்கத்தில்
கிலோ எண்ணுவாள்.

ஆகஸ்டில் ஆய்வாளர் வந்தாள்,
மழைக்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை,
ரொம்ப இளையவள்.
தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை அழைத்தாள்;
பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை.
"நம்ம பொண்ணு இருக்கே" என்று
என் முதுகில் கை வைத்து
முன்னே தள்ளினான் கிரெய்க்.
அந்தக் கையை அவன் எடுக்கவேயில்லை.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?"
ஜூரா அட்டையை வெளியே எடுக்கவில்லை.
என்னைப் பார்த்துச் சொன்னாள்:
அல்டிமிஷ் பிர்.

ஒரு டிராக்டர் கடந்து போனது.
அது போகட்டும் என்று காத்திருந்தேன்.
போன பிறகும் கொஞ்சம் காத்திருந்தேன்.
நாற்பது என்று சொல்ல
வாய் வடிவாகக் குவிந்துகூட இருந்தது.

"அறுபத்தொன்று" என்றேன்.
ஆய்வாளர் பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.
"இன்னொரு தரம் சொல்லுங்கள்?"
"அறுபத்தொன்று. வேனுக்கு நிற்பதையும் சேர்த்து.
ஜூனில் நான் ஒன்றைத் தப்பாகச் சொன்னேன்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."
முதுகில் இருந்த கை
எப்போது போனதென்று தெரியவில்லை.

மறுநாள் பலகையில் என் பெயர் இல்லை.
"இன்னிக்கு உனக்கு ஓய்வு" என்றான் கிரெய்க்,
ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி,
ஆங்கிலமே தெரியாதவளிடம் பேசுவது போல.
அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
கடனை, விமானத்தை, அம்மாவின் தொலைபேசியை
நினைத்து வயிறு புரண்டது.
துணிச்சல் என்று எவரும் சொல்லிவிட வேண்டாம்.

ஜூரா போகிற போக்கில்
அட்டையையும் பேனாவையும்
என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.
கேரவன் படியில் உட்கார்ந்து
எழுதினேன்:

நிற்கத் தொடங்கியது 4:35.
முதல் பீப் 5:20.