பொய்க் குளிர்

சியோனிலிருந்து சுகிர்தமலர் மச்சாள் படம் அனுப்பியிருக்கிறாள்.
பூத்து நிற்கிற அப்பிள் மரங்களுக்கு
நடுச்சாமத்தில் தண்ணீர் விசிறுகிறார்கள்.
விடியப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள்.
உறைகிற தண்ணீர் தன் சூட்டைப் பூவிடம் கொடுத்துவிட்டுத்தான் உறையுமாம்,
அதனால் பூ சாகாதாம்.
இரண்டு தரம் வாசித்தேன்.
பின்னால் இறைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உரும்பிராயில் மலை கிடையாது.
கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் உயரம்.
காலுக்குக் கீழே செம்மண், அதற்குக் கீழே சுண்ணக்கல்,
கல்லின் ஓட்டைகளில் ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை,
அதற்கும் கீழே
பொறுமையாகக் கடல்.
அவர்களுக்குப் பனி மேலிருந்து இறங்குகிறது.
எங்களுக்கு உப்பு கீழிருந்து ஏறுகிறது.

முந்திரிகைக்கு இங்கே நித்திரை வராது.
வாடை ஓய்ந்த மாசியில் நானே கத்தரிக்கோலோடு போவேன்.
இலையெல்லாம் கழித்து, கொடியை மொட்டையாக்கி, தண்ணீரை மறிப்பேன்.
வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாய் வடியும்.
மாரி வந்து போய்விட்டதென்று நம்பி
அது பூக்கும்.
இருபத்தாறு வருசமாக இந்தப் பொய்யில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

போன வருசம் நிரோசன்
நுவரெலியாவிலிருந்து லொறியில்
கரட் மூட்டைகளுக்கு நடுவே ஓர் அப்பிள் கன்று கொண்டுவந்தான்.
ஏழு பாகைக்குக் கீழே எண்ணூறு மணித்தியாலம் கேட்கிற சாதி.
எங்கள் தை விடியல் இருபத்திரண்டுக்கு இறங்கினாலே
ஆட்கள் காதை மூடிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள்.

அதற்கும் அதே பொய்யைச் சொல்லிப் பார்த்தேன்.
நாற்பத்தொரு இலை. ஒவ்வொன்றாக உருவினேன்.
மூன்று கிழமை ஒரு வாளி தண்ணீர் காட்டவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு பூ.
ஒன்றே ஒன்று, ஓரத்தில் மெல்லிய ரோசா.
பக்கத்தில் இன்னொரு அப்பிள் மரம் இல்லாமல் அது காய்க்காதென்று தெரியும்,
எறும்பு மட்டும் ஏறி இறங்கியது.

படம் எடுத்து அனுப்பினேன்.
மச்சாள் எழுதினாள்:
'அதுக்கு இப்ப என்ன மாசமெண்டு ஆர் சொன்னது?'

பதில் போடவில்லை.
கொடிகளுக்கு மடையைத் திருப்பிவிட்டு
வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
போன கிழமையைவிட
ஒரு மயிரளவு உவர்.