கொத்து எண் நாற்பத்தொன்று

சந்தேகப்படுவதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.
தரமணியில், நான்காம் மாடியில்,
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு
மற்றவர்கள் கேட்டு வந்த பதில்களை
நான் மறுபடி கேட்கிறேன்.

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
தெரியாது, எட்டு.
கதவைச் சாத்தியவர்களுக்கு ஒன்பது.

கடந்த பன்னிரண்டு மாதங்களில்
சொட்டுமருந்து விட்டு உங்கள் விழித்திரையைப் பார்த்தார்களா?
இரண்டு, இரண்டு, எட்டு, இரண்டு
என்றே இறங்கி வந்துகொண்டிருந்தது நகரம்.
ஊடே எப்போதாவது ஓர் ஒன்று.

பிறகு கன்னிகாபுரம்.
கொத்து எண் நாற்பத்தொன்று.
சர்க்கரை உள்ளவர்கள் ஒன்பது பேர்,
ஒன்பது பேருக்கும் ஒன்று.

நிழலில் உட்கார்ந்து அவளே நிரப்பியிருப்பாள்.
வெயில் அப்படி. படிவத்துக்கு நூற்றுப்பத்து ரூபாய்,
பஸ் காசு அதற்குள்ளேயே.
"விலகல்னு போட்டுத் தூக்கிடலாமே" என்றார் மேலதிகாரி.
எஸ்தர் மலரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
அழவில்லை, சத்தியம் செய்யவில்லை.
தண்ணீர் பாட்டிலைத் திருகி மூடியபடி
"போய்ப் பாருங்க மேடம்" என்றாள்.

போனேன்.
முதல் வீட்டில் ரஷீதா பீ
அரிசி களைந்துகொண்டே சொன்னார்:
"பாத்தாங்களே, எழும்பூர் கண்ணாஸ்பத்திரில.
மருந்து வுட்டு மூணு மணி நேரம் ஒண்ணும் தெரில.
வூட்டுக்கு வந்து கொழம்புல
உப்புன்னு சக்கரைய அள்ளிப் போட்டேன்."

எதற்காகப் போனீர்கள்?
இந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை.
அதைக் கேட்ட என் குரல்
எனக்கே கொஞ்சம் வேறாக இருந்தது.

ஈரக் கையால் தெருமுனையைக் காட்டினார்.
தார்ப்பாய் போர்த்திய ஷேர் ஆட்டோ.

கோதண்டன். பதினொரு வருஷ சுகர்.
ஒரு சாயங்காலம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் வரும்போது
கண்ணுக்குள் மை கொட்டியிருக்கிறது.
ஹாரனை விடாமல் அடித்து, ஓரங்கட்டி,
"எல்லாரும் எறங்கிக்கோங்க,
எனக்கு ரோடு தெரில" என்றாராம்.
காசு வாங்கவில்லை.
இறங்கியவர்களில் நான்கு பேர் இந்தத் தெரு.

அடுத்த வாரம் அதே வண்டியில்,
மச்சினன் ஓட்ட,
தெருவே எழும்பூர் போயிருக்கிறது. இரண்டு நடை.

கோதண்டன் வீட்டில்தான் இருந்தார்.
மாதிரிக்கான குலுக்கலில் அவர் கதவு விழவில்லை;
எங்கள் தரவில் அவர் இல்லவே இல்லை.
எல்லாரும் காட்டினார்களாமே என்றேன்,
குரல் வந்த பக்கம் திரும்பினார்.
யார் எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று
விரல் மடக்கி எண்ணிவிட்டு
"தேசம்மா மட்டும் வர்ல" என்றார்.

தேசம்மா. வரிசை ஆறு. ஒன்று.

அவள் மாநகராட்சிச் சட்டையோடே கதவைத் திறந்தாள்.
"எல்லாரும் போனாங்க,
நான் மட்டும் போவலன்னு எப்பிடிச் சொல்றது?
அன்னிக்கி டூட்டி. லீவு போட்டா சம்பளம் இல்ல."

எஸ்தர் பொய் எழுதவில்லை.
சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாள்.
ஒன்றை அழித்து இரண்டாக்கினேன்.
ஒன்பதில் எட்டு. இப்போது நம்பும்படி இருந்தது,
அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கேள்வி:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உங்கள் பாதங்களை யாராவது பரிசோதித்தார்களா?
தெரு முழுக்க இதற்கு இரண்டுதான்.
காலால் இன்னும் யாரும்
வண்டியை நிறுத்தவில்லை போலிருக்கிறது.

"செருப்ப வெளிய வுடுன்னு சொல்வாங்க,
அதோட சரி" என்று சிரித்து
செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.
பெருவிரலுக்குக் கீழே
துவரம்பருப்பு அளவில் ஒரு புண்.
வலிக்குதா என்றேன்.
"எது?" என்றாள்.

கணக்கெடுப்பவர் ஆலோசனை கூறக் கூடாது,
பதிலைப் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்லவும்:
பயிற்சிக் கையேடு, பக்கம் ஏழு.
அதை எழுதியது நான்தான்.

டேப்லெட்டை மூடிவிட்டு
அவள் வாசற்படியில் உட்கார்ந்தேன்.
நாளைக்கு லீவு போடுங்க என்றேன்.