யாருக்குச் சளி?

மதுரைக்குக் குளிர் வருவது வருஷத்தில் இருபது நாள்.
அதற்குள் காய்ச்சி, ஆறவைத்து,
நொதிக்கவிட்டு, அடைத்துவிட வேண்டும்.
ஈஸ்ட்டுக்கு நம் வெயில் ஆகாது.
சூடேறினால் நெயில் பாலிஷ் வாடை வந்துவிடும்.

ஆனையூரில் இரண்டாம் மாடி.
எனக்கு நேர் கீழே ஏட்டு ஒச்சுக்காளை,
மதுவிலக்குப் பிரிவு.
வீடு பார்க்க வந்தபோது தரகர் இதைச் சொல்லவில்லை.
எனக்கும் அப்போது இந்தப் புத்தி இல்லை.

மால்ட் பெங்களூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது,
சீட்டில் கால்நடைத் தீவனம் என்று எழுதி.
ஹாப்ஸைப் பார்த்தால் அதுவும் தீவனம்தான்.
மிளகு மட்டும் பக்கத்துச் சரக்கு:
கீழமாசி வீதியில் நூறு கிராம்,
சிறுமலைதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.
ஒன்றிரண்டாகத் தட்டி
கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டேன்.

மாடிப்படி முழுக்க மணந்துவிட்டது.

"யாருக்குச் சளி?"
கீழேயிருந்து குரல்.
"எனக்குத்தான் சார்."
மறுநாள் கதவுப் பிடியில் தொங்கியது
பால் கவர் நிறையக் கற்பூரவல்லி.
அன்றிலிருந்து படியேறும்போது
அவர் வாசலில் மட்டும்
இரண்டு இருமல் இருமிவிட்டு வருகிறேன்.

எனக்கு வேலை பால் பண்ணையில், பரிசோதனைக்கூடம்.
லாக்டோமீட்டரை ஒரு சனிக்கிழமை
கைப்பையில் வைத்துக் கூட்டிவந்தேன்.
முதல் நாள் எல்லாக் கோடும் வெளியே தெரிய
நிமிர்ந்து மிதந்தது:
எந்த எருமையும் கறக்காத பால்.
பதினோராம் நாள் எல்லாக் கோடும் முங்கிப்போனது.
பண்ணையாக இருந்தால்
தண்ணீர் கலப்படம் என்று கேனைத் திருப்பியிருப்பேன்.
இங்கே எழுந்து நின்று கைதட்டினேன்.

அதற்கு முந்தைய ராத்திரிகள்
தண்ணீர்க் கேனிலிருந்து குழாய்,
குழாயின் முனை சொம்புக்குள்.
புளுக். புளுக்.
நிமிடத்துக்கு நாற்பது, பிறகு பன்னிரண்டு,
பிறகு எப்போதாவது,
சொல்ல வந்ததை யாரோ விழுங்கிக்கொள்வதுபோல.
ஒன்பது வருஷம் தனியாகத் தூங்கிய வீடு அது.

பாட்டிலுக்குக் கீரைத்துறை பழைய இரும்புக் கடை.
பாட்டில் விற்க வருகிற பெண்களை
அவர் பார்த்திருக்கிறார்.
வாங்க வந்தவளைப் பார்த்து
எடை போடவே மறந்துவிட்டார்.

மாசி பிறந்து முதல் பாட்டில்.
வைக்கோல் நிறம், மேலே ஒரு விரல் நுரை.
முதலில் கசப்பு, நாரத்தைத் தோல் மாதிரி.
மிளகைக் காணோமே என்று நினைத்தேன்.
விழுங்கிய பிறகு
தொண்டைக்குப் பின்னால் நின்று செருமியது.
முதன்முறையாக, நிஜமாகவே இருமினேன்.

மாசி முடிவதற்குள் வெயில் வந்துவிட்டது.
சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடிப்போயிருக்க வேண்டும்.
நடுராத்திரி அலமாரிக்குள்
ஒரு பாட்டில் வெடித்தது.
நுரை கதவிடுக்கில் வழிந்து
என் கால்விரலைத் தொட்டது.
விளக்குப் போடவில்லை.

கீழே ஜன்னல் கொக்கி கழலும் சத்தம்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"என்னம்மா,
இருமல் இன்னும் குறையலையா?"

இருமினேன்.
வேறென்ன செய்ய.