ஒரு சாண் முன்னால்

ஆர்க்கெஸ்ட்ரா வைக்கிற அளவுக்கு
இந்த வருசம் வசூல் இல்லை.
மாரியம்மன் பொங்கலுக்கு என்னதான் செய்ய என்று
செல்லூர் முக்கில் எல்லோரும் தலையைச் சொறிந்தபோது
ரயில் விடுவோம் என்றேன்,
வாய் சும்மா இருக்காமல்.

மிக்சிக்குக் காயில் சுற்றுகிறவன் நான்.
ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
கேட்டில் நின்ற நேரம்.

பந்தல்காரர் பெஞ்சுகளின் மேல் ரெண்டு பலகை, எட்டுக்கு நாலு.
தண்டவாளம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது,
பெட்டி கிழிந்திருந்ததால் விலை பாதி.
நாகமலை, சிமெண்டுப் பாலில் முக்கிய சாக்கு.
கருவேலங்காடு முழுக்கப்
பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்.
சோணைமுத்து வீட்டில் அதை
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வைகைக்கு என்ன நிறம் என்பதில்
ராத்திரி ஒரு மணி வரை சண்டை.
நீலம் என்றான் சோணைமுத்து.
போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு என்றார் இதாயத் பாய்.
நிஜமாகவே எழுந்து போனான்.
திரும்பி வந்தவன் ஒன்றும் பேசாமல்
மணலைச் சலித்துக் கொட்டினான்.
பிரஷ்ஷைத் துடைப்பவன் போல
ஓரத்தில் மட்டும் ஒரு கோடு நீலம் இழுத்தான்.
யாரும் தடுக்கவில்லை.

பொத்தான் என் பங்கு.
பழைய காலிங்பெல் சுவிட்சு.
அமுக்கினால் ரயில் ஓடும், விட்டால் நிற்கும்.
என்ஜின் வயிற்றில் ஒரு காந்தம்;
அது மேலே வந்தால் விழித்துக்கொள்ள
தண்டவாளத்தடியில் ஒரு கண்ணாடிக் குழல்.
குழல் விழித்தால் கேட் இறங்கும், சிவப்பு எரியும்,
ஒரு பிளாஸ்டிக் பஸ்சும் சோளத்தட்டையில் செய்த வண்டியும்
பேசாமல் நிற்கும்.

இடுப்புயரத்தில் பொத்தானை வைத்திருந்தேன்.
யார் இடுப்பு என்று யோசிக்கவில்லை.
முதல் நாள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு அமுக்கினார்கள்.
இதாயத் பாய் பட்டறைக்கு ஓடி
வெல்டிங் சூடு ஆறாத படி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்,
தண்ணீர் தெளித்து.

ஒன்பதரைக்கு வந்தாள் பஞ்சவர்ணம்.
சமயநல்லூர்ப் பக்கம் கேட்கீப்பர்.
டிபன் பைக்குள் மடித்த ஆரஞ்சுச் சட்டை.
மூன்று சுற்று நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:
அண்ணே, உங்க ரயில் ஆளக் கொன்னுரும்.

என்ஜின் மூக்கு ரோட்டுக்குள்ள வந்த பெறகு
கேட்ட அடைக்கிறீங்க.

சுற்றிலும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்,
பிறகு பார்த்தேன். ஆமாம்.
முந்நூறு தடவை ஓட்டியும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.
அடைத்த கேட்டைத்தான் எங்களுக்குத் தெரியும்,
அடைக்கிற நேரத்தை அல்ல.

கட்டைவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை விரித்துத்
தண்டவாளத்தின் மேல் வைத்தாள்.
இங்கன வைங்க.

பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
குழலைப் பெயர்க்க வயர் எட்டவில்லை.
கோயில் சீரியல் செட்டில் மயிலுக்கு
ஒரு தோகை அன்றைக்குக் குறைந்தது.

கீழிருந்து கேட்டேன்,
ஒரு நாளைக்கு எத்தனை திட்டு வாங்குவீக?
மேலே அவள் செருப்புகள் மட்டும் தெரிந்தன.
அதெல்லாம் எண்ணுறதில்லண்ணே,
ரயிலத்தான் எண்ணணும்.

அமுக்கிப் பார்த்தோம்.
கேட் இறங்கிவிட்டது. சிவப்பு எரிகிறது.
ரயிலைக் காணோம்,
நாகமலைக்குப் பின்னால் எங்கேயோ சத்தம் மட்டும்.
நாலு நொடி.
அதற்குள் கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்:
எவ்வளவு நேரம்யா, தெறந்து விடு!

பஞ்சவர்ணம் திரும்பவில்லை.
படியின் மேல் பொத்தானை அமுக்கி நின்ற ரக்சனாவிடம்
விட்டுறாத, விட்டுறாத என்றாள்.
கடைசிப் பெட்டி போன பிறகும்
அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருக்கல் குறி எங்க?
அது இருந்தாத்தான் முழு ரயிலும் வந்துருச்சுன்னு அர்த்தம்.

சோணைமுத்து நீல டப்பாவை எடுத்தான்.
மஞ்சள் என்றாள்.
மாரியம்மன் பொங்கலில்
மஞ்சளுக்கா பஞ்சம்.

ரக்சனா விரலில் தொட்டுப் போட்டாள்.
கூட்டல் குறி.

பஞ்சவர்ணம் அழிக்கச் சொல்லவில்லை.
தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.
சரியாத்தான் இருக்கு, விடு என்றாள்.