ஓரத்துண்டு

மூன்று கிலோ மாட்டிறைச்சியைத்
தாளில் சுற்றித் தந்தபடி
கடைக்காரர் எவ்கேனியுஷ் கேட்டார்:
"யாருக்குக் கல்யாணம்?"
விருந்தாளி ஒருத்திதான் என்றேன்.
யாரென்று சொல்லவில்லை.
தொரூன் சின்ன ஊர்,
அவருக்குத் தெரிந்திருக்கும்.

போக்னா வருகிறாள்.
விதோல்த்தின் முதல் மனைவி.
ஏதோ காப்பீட்டுத் தாளில் ஏதோ கையெழுத்து.
தபாலிலேயே முடித்திருக்கலாம்.
சாப்பிட வரச்சொல் என்று நான்தான் சொன்னேன்.
ஏன் சொன்னேன் என்று
வெங்காயம் உரிக்கும்போது யோசித்தேன்.
கண் எரிந்ததுதான் மிச்சம்.

நேற்றிரவே உப்புத் தடவியாயிற்று.
இன்று ஈரம் ஒற்றி, நூல் கட்டி,
கடுகு விழுது பூசி,
இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும்
சிவக்கச் சிவக்கப் புரட்டினேன்.
புகைமணி அலறியது.
விதோல்த் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினான்.
முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான்.
அதை நான் கவனித்ததை
அவன் கவனிக்கவில்லை.

காளானுக்கு அவசரம் ஆகாது.
செப்டம்பரில் பைன் காட்டில் பொறுக்கிய பொரோவிக்,
மெலிதாக அரிந்து, நூலில் கோத்து,
ரேடியேட்டர் மேல் காய்ந்தது.
வெந்நீரில் போட்டால்
காடு மெல்ல எழுந்து உட்காரும்.
ஊறிய நீரைக் கொட்டிவிடக் கூடாது,
சாஸின் உயிரே அதில்தான்.
ஆனால் காபி வடிதாளில் இரண்டு தரம் வடிக்க வேண்டும்.
ஒரே ஒரு மணல் பல்லில் பட்டால் போதும்,
மேசையே பேச்சை நிறுத்திவிடும்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.
இந்தச் சமையலே அவளுடையது.
கல்யாணமான புதிதில் இழுப்பறையில் கிடைத்தது அந்த அட்டை,
அறுந்த பொத்தான்களுக்கும்
தீர்ந்த பேட்டரிகளுக்கும் நடுவே.
ஊதா மை, சாய்ந்த எழுத்து.
ஏழாவது வரியில் கொழுப்புக் கறை.
"சாஸில் கடைசியாக"
என்பதோடு சரி.
ஒன்பது வருடமாக அந்தக் கறைக்குள்
நானே எதையாவது போட்டுவந்தேன்.
முதலில் கிரீம். ஒரு வருடம் பிளம் ஜாம், அது பிழை.
இப்போது ஐந்து ஜூனிபர் காய், நசுக்கி.
பாராட்டியவர்களிடமெல்லாம்
"சும்மா, மனசில் தோன்றியது" என்றேன்.

ஓவனிலிருந்து எடுத்து மூடிவைத்த நிமிடம்
அழைப்புமணி.
இளைப்பாறும் இறைச்சியை
இருபது நிமிடம் தொடக்கூடாது.
இருபது நிமிடம் நாங்கள் மூவரும்
மழையைப் பற்றிப் பேசினோம்.
பிறகு டிராம் கட்டணத்தைப் பற்றி.
பிறகு மறுபடி மழை.

கத்தி இறங்கியது.
நடுவில் ரோஜா நிறம், நான் வேண்டிக்கொண்டபடியே.
ஒரு கிண்ணத்தில் குதிரைமுள்ளங்கி கிரீம்,
ஒரு கிண்ணத்தில் காளான் சாஸ்.
போக்னா ரொட்டியால் தட்டை வழித்தாள்.
"இதில் என்ன போட்டாய்?"

முகத்தில் குத்தல் எதுவும் இல்லை.
எழுந்து போய் அட்டையைக் கொண்டுவந்து
அவள் தட்டருகே வைத்தேன்,
கடனைத் திருப்புகிறவள் போல.

கண்ணாடி மாட்டினாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.
"இது என் எழுத்தில்லையே.
நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே கிடந்தது.
எனக்கு மாட்டிறைச்சி வராது.
ஒரே தடவை செய்தேன், செருப்பு மாதிரி இருந்தது.
இவனையே கேள்."
விதோல்த் உருளைக்கிழங்கைப் பார்த்தான்.
"செருப்பு இல்லை" என்றான். "பெல்ட்."

சிரித்தோம், நான் கொஞ்சம் பிந்தி.
யாரோ ஒருத்தி, அல்லது ஒருத்தன்,
எங்கள் இருவருக்கும் முன்னால்
இந்த ஜன்னலருகே கொதிக்கவிட்டிருக்கிறார்கள்.
ஒன்பது வருடம் ஒளித்துவைத்த திருட்டை
இனி எங்கே வைப்பதென்று தெரியாமல்
எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்றினேன்.

"இன்னொரு துண்டு?"
போக்னா தட்டை நீட்டினாள்.
விரல் காட்டியது ஓரத்தை,
உப்பும் கடுகும் கருகி ஒட்டிய அந்த ஓரத்துண்டை.
வழக்கமாக அது சமைத்தவளுக்கு.
எல்லோரும் போனபின்
பாத்திரத் தொட்டியருகே நின்றபடி
கையால் தின்பது.

வெட்டி வைத்தேன்.
கொஞ்சம் சின்னதாகத்தான் வெட்டினேன்.