மூடுபனிக்கு இரண்டு கட்டம்

ஒக்டோபரில் வருமாம்.
டிக்கோயாவுக்குப் போகிற கடைசி பஸ் முனகி ஏறிப் போனபின்
ஃபஸ்லியின் போன் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
நாங்கள் அதைத்தான் பேசுகிறோம்.
'ஏழு முடிகள்' விளையாட்டுக்கு எட்டாவது முடி.
புது வரைபடம், புதுப் படை, பெயர் 'உயர்நிலம்'.
விலை இருபத்தைந்து டொலர்.
ரூபாயில் சொல்லாதே என்றாள் தயாளினி.
நர்மதன் சொன்னான்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

முதலில் மூடுபனி.
பனி இறங்கினால் வில்லாளிக்குப் பார்வை இரண்டு கட்டந்தான்.
"ரெண்டா?" என்றான் நர்மதன், த்ரீவீல் ஓட்டுகிறவன்.
"இதைச் செஞ்சவன் இங்க வந்து பார்க்கணும்.
கொட்டகலையில முன்னுக்குப் போற லொறியோட
சிவப்பு லைட்டைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் வீட்டுக்கே போறேன்.
ஒரு கட்டம். அதுவும் பாதி."

மலையில் நகர்வு பாதி,
கோவேறு கழுதை வைத்திருந்தால் முக்கால்.
யானை ஏறவே ஏறாது.
மூன்று வருஷமாய் யானையை வைத்தே எங்களை மிதித்த ஃபஸ்லி
உடைந்த டிஸ்பிளே ஒன்றைத் துடைத்தபடி கேட்கிறான்:
"அப்ப எனக்கி என்ன ஈக்கிது மச்சான்?"
தோஹாவிலிருந்து விமல்ராஜின் குரல், பின்னால் ஏசி இரைச்சல்:
"யானையை எடுத்தது நியாயம்டா.
இந்த விளையாட்டுல நடந்த மொத நியாயம்."

பிறகு தோட்டம்.
புதுக் கட்டடம். படத்தில் பச்சை வரிகள், மேட்டில் வெள்ளை பங்களா.
மலைக்கட்டத்தில் கட்டலாம், முறைக்கு மூன்று பொன்.
அடியில் சின்ன எழுத்தில்: பராமரிப்புச் செலவு இல்லை.

தயாளினி அதை இரண்டுதரம் வாசித்தாள்.
தோட்டத்து ஒபிஸில் செக்ரோல் எழுதுகிறவள்.
மாதம் முழுக்கப் பேர், நாள், கிலோ.
நிறை பத்தாமல் மலையிறங்கியவருக்கு
அவள் பேனாதான் அரைப்பேர் போடவேண்டும்.
"செலவு இல்லையா?
அப்ப கொழுந்தை யாரு எடுக்கிறது, பேயா?"
விளையாட்டுத்தானே என்றேன்.
"விளையாட்டுங்கிறதாலதான் கேக்கிறேன்.
மூணு பொன் சும்மா வந்தா எல்லாரும் தோட்டந்தான் கட்டுவான்.
அப்புறம் என்ன சமநிலை?
அஞ்சு முறைக்கு ஒருக்கா வேலைநிறுத்தம் வரணும்."

அதிலேயே போயிற்று முக்கால் மணிநேரம்.
வந்தால் பொன் பாதியாகட்டும் என்றான் நர்மதன்.
பாதியில்லை, பூஜ்யம் என்றாள்,
பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவணும்.
குதிரைப்படையை அனுப்பி அடக்கலாமா என்று கேட்ட ஃபஸ்லி
அவள் பார்த்த பார்வையில்
"சும்மா கேட்டன்" என்று டிஸ்பிளேக்குத் திரும்பினான்.
இரவுவேலைக்கு இறங்குமுன் விமல்ராஜ்:
"ஆளுங்க கட்டத்தை விட்டே போயிரலாம்னு ஒண்ணு வைக்கச் சொல்லுங்க.
துறைமுகம் இருந்தா."
ஆறு விநாடிப் பதிவு.
பதிலுக்கு ஃபஸ்லி மட்டும் ஒரு யானைப் படம் அனுப்பினான்.

எல்லாவற்றையும் இங்கிலீசில் எழுதினாள் தயாளினி,
விளையாட்டைச் செய்தவர்களுக்கு. ஒபிஸ் இங்கிலீசு.
'மேற்படி தோட்டம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்கு'
என்று தொடங்குகிற மாதிரி.
நாங்கள் சிரித்தோம்.
அவள் திகதி போட்டு, கீழே கோடிழுத்துக்
கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

இன்றைய ஆட்டம் இருநூற்றுப் பன்னிரண்டாம் முறையில் நிற்கிறது.
எனக்கு மிஞ்சியது ஒரு நகரமும் காய்ச்சலில் கிடக்கிற ஒரு படையும்.
என் முறை வந்தபோது கரண்ட் போனது.
சேமித்தாயா என்று மூன்று பேரும் ஒரே குரலில்.
நான் பேசாமல் இருந்தேன்.

போன் வெளிச்சத்தில் காசுக்கணக்கு.
ஐந்து பேர், ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு.
முழுசையும் நானே போடுறேன் என்று தோஹா எழுதியது.
வேணாம் என்று எழுதினாள், பேர் போட்டுத்தான் வாங்குவோம்.
ஃபஸ்லியின் பில் புத்தகத்தைப் புரட்டிப் பின்னட்டையில்
வரிசையாய்க் கோடு, பேர், தொகை.
பார்மசியில் எனக்குச் சம்பளம் பத்தாந்திகதி.
சட்டைப்பையில் இருந்தது எழுநூற்றைம்பது.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு,
நிமிராமல்,
என் பேருக்கு நேரே
அரைப்பேர் போட்டாள்.