பத்தரைக்கு முடிகிற சலுகை

காலி வீதியில் கடையெல்லாம் சாத்தியாயிற்று,
கொத்துரொட்டிச் சத்தம் மட்டும் மிச்சம்.
என் மடியில் மூன்று கடை திறந்திருக்கிறது,
மூன்றிலும் அதே விளையாட்டு:
பனிமலையில் தபால் கொண்டுபோகிற ஒருத்தி.
பனியை நான் குளிர்சாதனப் பெட்டியில்தான் கண்டிருக்கிறேன்.
படத்தைப் பார்த்தே விழுந்துவிட்டேன்.

எந்த விளையாட்டைக் கண்டாலும்
கண் முதலில் போவது விலைக்கு அல்ல.
நாலு கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில்
அந்தக் கடித்த பழம் இருக்கிறதா?
அனேகமாக இராது.
மக் வைத்திருப்பவள்
புறக்கோட்டைப் பிரியாணிக் கடையில்
சைவம் கேட்டு நிற்பவள்.
இன்றைக்கு என்னவோ மூன்று கடையிலும் பழம்.
இல்லை என்றிருந்தால் படுத்திருப்பேன்.

ஆப் ஸ்டோர் மெஷினோடேயே வந்தது.
அமத்தினால் இறங்கும், இறங்கினால் ஓடும்,
விசிறிகூடச் சத்தம் போடாது.
ஆனால் நாளைக்கு நான்
யூனிட்டி பிளாசாவில் மலிவாய் ஒரு விண்டோஸ் வாங்கினால்
இங்கே வாங்கியது இங்கேயே நிற்கும்,
அனெக்ஸை விடும்போது கழற்றக் கூடாது என்று
வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தில் எழுதுவித்த
கீசர் மாதிரி.

ஜிஓஜியில் கோப்பையே கையில் தந்துவிடுவான்.
பென் டிரைவில் போட்டுப் பூட்டிவைக்கலாம்.
கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம்,
யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.
உனக்கே உனக்கு.

அப்படித்தான் பழைய மக்கிலும் நினைத்தேன்.
ஒரு சனிக்கிழமை அப்டேட் போட்டேன்.
முப்பத்திரண்டு பிட் இனி ஓடாது என்றது.
பதினொரு விளையாட்டுக்கு மேல்
பதினொரு குறுக்குக் கோடு.
கோப்பு இருந்தது, உள்ளே போக முடியவில்லை.
எங்கள் வீட்டில் இதை
யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
அப்பாவின் இரும்புப் பெட்டியில்
பலாலிக் காணியின் உறுதி
இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

பிறகு ஸ்டீம்.
அங்கே ஜெனார்த்தனி இருக்கிறாள்.

இதே அறையில் இரண்டு வருடம்,
ஒரு கட்டில், ஒரு மெத்தை,
கண்ட்ரோலர் இரண்டு, அதில் ஒன்றுக்கு இடப்பக்கம் இழுபடும்.
அந்த இழுபடுகிறதை எப்போதும் அவள்தான் எடுப்பாள்.
போன ஆவணியில் கலியாணம், இப்போது கொட்டாஞ்சேனை.
155இல் ஏறினால் ஒரு மணித்தியாலம்.
ஏறியதில்லை. அவளும்தான்.
சண்டை ஒன்றும் இல்லை.
நண்பர் பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே
‘இரண்டு மணித்தியாலத்துக்கு முன்’ என்று இருந்தால்
சமைத்து முடித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வேன்.

அங்கே வாங்குவது வாங்குவதே அல்லவாம்,
உரிமம் மட்டும்தானாம்.
பணம் கொடுக்கும் இடத்திலேயே எழுதியிருக்கிறான்.
நான் குடியிருக்கிற எதுதான் என்னுடையது?
பதினொரு மாதத்துக்கு ஒருமுறை
கையெழுத்துப் போட்டுத்தான் இந்தச் சுவரும்.

பத்து இருபத்தாறு.
எட்டு டொலர். இலங்கைக் காசுக்குப் பெருக்கிப் பார்த்து
பெருக்கியதை மறந்தேன்.
வங்கியின் ஆறு இலக்கம் வரவில்லை.
யன்னலுக்கு வெளியே போனை நீட்டினேன்.
பாணந்துறைக் கோச்சி போயிற்று, கடல் கேட்டது,
பத்து இருபத்தொன்பதுக்கு வந்தது இலக்கம்.

வாங்கியாயிற்று. பதினாலு ஜிபி.
பகல் டேட்டா முடிந்துவிட்டது,
இரவு டேட்டா பன்னிரண்டுக்குத்தான்.
பிளேன் டீ ஊற்றிக்கொண்டு
காலியான நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்றே காலுக்கு
அவள் பெயர் பச்சையாயிற்று.
எங்கள் பழைய பண்ணைக்குள் போயிருக்கிறாள்.
தனியே தண்ணீர் ஊற்றுகிறாள் போல.

நான் தட்டவில்லை.
இழுபடுகிற கண்ட்ரோலரைத் தேடி எடுத்து
சார்ஜில் போட்டேன்.